பதின்மூன்று ஆண்டு விண்ணப்பம்

பின்தெருப் பிள்ளைகளுக்கு மழைதோறும் வரும் வயிற்றுப்போக்கு நீங்கவேண்டும் என்று சபையார் பதின்மூன்று ஆண்டுகளாக ஜெபித்தார்கள். சபையில் ஒருவரான குழாய்க்காரரும் ஞாயிறுதோறும் ஆமென் சொன்னார். ஒரு ஞாயிறு ஆமென் சொல்வதற்குப் பதில் எழுந்து நின்றார்.

"ஐயா, இது என் வேலை," என்றார் போதகரிடம். "ஆண்டவர் இத்தனை வருஷமா என்னைத்தான் கூப்பிட்டிருக்காரு. செவிடன் காதுல ஊதின சங்கா போச்சு."

மறுநாள் இருவரும் பின்தெருவைத் தோண்டினார்கள். குடிநீர்க் குழாய் ஏழு இடங்களில் விரிசல் விட்டுச் சாக்கடைக்குள் கிடந்தது. குழாய்க்காரர் நாற்பத்திரண்டு அடிக்குப் புதுக்குழாயைச் சாக்கடைக்கு மேலே உயர்த்திப் பதித்தார்.

அந்த மழைக்காலம் முடியும்வரை பத்தொன்பது வீடுகளில் ஒரு பிள்ளையும் வயிற்றுப்போக்கில் படுக்கவில்லை.

"உங்க சாமிக்குக் குழாய் வேலையும் தெரியுமாண்ணே?" என்றாள் ஒரு தாய்.

சிரிக்கப்போன குழாய்க்காரருக்குக் கண் நிறைந்தது.

"தச்சர் வீட்டுப் பிள்ளையாச்சே, தச்சு வேலை மட்டுந்தான் தெரியும்னு நெனச்சிருந்தேன்மா."