முதிரைப் பலகையில் ஒரு கிட்டார்

மகன் சொந்தமாகக் கிட்டார் செய்யப் போவதாகச் சொன்னபோது, தடுக்கிற தாய் என்று பெயரெடுக்க எனக்கு மனமில்லை. ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் ஆசிரியை. பிள்ளைகளை ஊக்குவிப்பது எப்படி என்று ஊருக்கே புத்தி சொல்பவள். ஆகவே, உடைந்த கட்டிலின் முதிரைப் பலகைகளைப் பெருந்தன்மையோடு எடுத்துக் கொடுத்தேன். உளியையே மழுங்கடிக்கும் மரம் அது. இரண்டே நாளில் அலுத்துப்போய் எஸ்.எஸ்.சி. பரீட்சைக்குப் படிக்க உட்காருவான் என்று நினைத்தேன்.

அவன் விடவில்லை. கிட்டாரின் பக்கங்களுக்காகப் பலகையை மெல்லிய பட்டைகளாக இழைத்து, நனைத்து, சூடான இரும்புக் குழாயில் அழுத்தி வளைத்தான். இரண்டு பட்டைகள் முறிந்தன, மூன்றாவது வளைந்தது. மறுநாள் காலை அவன் முகம் பூசணிக்காய்போல வீங்கியிருந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை.

தோட்டத்து டாக்டரய்யா வந்து பார்த்தார். "முதிரைத் தூள் சில பேருக்கு ஒத்துக்காதுங்க டீச்சர். நல்லவேளை, கண்ணு தப்பிச்சிருச்சு. எந்தப் புத்திசாலி இந்த மரத்தைக் கொடுத்ததுங்க?"

"வீட்டுல சும்மா கிடந்துச்சுங்க," என்றேன்.

மகனோ படுத்தபடியே, "வளைஞ்ச பட்டையைப் பத்திரமா எடுத்து வச்சிரும்மா," என்றான்.

மிச்சப் பலகையை, மூக்கையும் வாயையும் சேலைத் தலைப்பால் கட்டிக்கொண்டு, நானே தேய்த்துக் கொடுத்தேன்.