எல்லோரையும் கேட்டு முடிவெடுத்த மதர்

நான் ஆறு ஆண்டு இருந்த செந்துறைப் பக்கத்துக் கன்னியர் மடத்துக்கே என்னைத் தலைமை மதராக்கியபோது எனக்கு நாற்பத்தாறு வயது. எனக்கு முன் இருந்த மதர் யாரையும் எதுவும் கேட்டதில்லை. காலைச் செபம் முடிந்ததும் அன்றைய வேலையைச் சொல்வார், நாங்கள் செய்வோம். அவரைப் போல இருக்கக்கூடாது என்று முதல் நாளே முடிவு செய்தேன். ஐந்து பேரும் சனிக்கிழமை மாலையில் உட்கார்ந்து பேசித்தான் எதையும் செய்வது என்றேன். அவர்களுக்கும் அது பிடித்திருந்தது.

இரண்டாம் வருடம், எங்கள் மருந்தகத்தைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் சிஸ்டரின் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வீடு வேப்பந்தட்டைப் பக்கம். இரண்டு மாதம் போய்ப் பார்த்துக்கொள்ள அனுமதி கேட்டார். வழக்கம்போல் அதைக் கூட்டத்தில் வைத்தேன்.

"மருந்தகத்த யாரு பாக்குறது?" என்றார் ஒருவர். "எங்கப்பாவுக்கு முடியாதப்ப நான் லீவு கேக்கலியே" என்றார் இன்னொருவர். நர்ஸ் சிஸ்டர் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் பேசலாம் என்றேன். அடுத்த வாரமும் அதையே சொன்னேன்.

மூன்றாவது கூட்டமும் அப்படியே கலைந்த பிறகு, எங்களில் மூத்த சிஸ்டர் என் அறைக்கு வந்தார்.

"மதர், பழைய மதரா இருந்தா முடியாதுன்னு ஒரே வார்த்தையில சொல்லியிருப்பாங்க. இந்தப் புள்ள ஒரு நாள் அழுதுட்டு விட்டிருக்கும். நீங்க மூணு வாரமா அழ வுடுறீங்க."

 முடியாது என்று சொல்ல எனக்கு மனமில்லை. போகச் சொல்லி மற்றவர்களின் முகச்சுளிப்பைத் தாங்கவும் தெம்பில்லை. அதற்குத்தான் கூட்டம்.

மறுநாள் காலை யாரையும் கேட்காமல் நானே அவரை அரியலூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

சாயங்காலம் போன் செய்தார். "நாலு நாள் முந்தி வரைக்கும் அம்மா என் பேரச் சொல்லிக் கேட்டுக்கிட்டே இருந்தாங்களாம் மதர். இப்ப பேச்சு நின்னுபோச்சு." குற்றம் சொல்வது போல இல்லை. தகவல் சொல்வது போலத்தான் சொன்னார்.

அம்மாவின் அடக்கம் முடிந்து திரும்பி வந்தவர் அடுத்த நாளே மருந்தகத்தைத் திறந்தார். நான் வாசலில் நின்று, "என்னை மன்னிச்சிடுங்க சிஸ்டர்" என்றேன்.

"விடுங்க மதர். வெளிய ஆளுங்க நிக்கிறாங்க" என்று கையுறையை மாட்டிக்கொண்டார்.

என் மூன்று வருடப் பொறுப்பில் மீதி இருந்த ஒரு வருடத்தில் பல முடிவுகளைத் தனியாகவே எடுத்தேன். சில தவறாகப் போயின. இப்போது பெரம்பலூர் விடுதியில் சாதாரண சிஸ்டராக இருக்கிறேன். மறுபடி மதராகப் போகிறீர்களா என்று போன மாதம் சபைத் தலைமையில் கேட்டார்கள். உடம்பு சரியில்லை என்று சாக்குச் சொல்லிவிட்டேன்.