மாடி ஏறிப் போன வேப்பங்கன்றுகள்

காலை 5.40க்குத் தாராபுரத்திலிருந்து கிளம்பினோம். நான், டிரைவர் செல்வராசு, அறுபது மரக்கன்றுகள். வேம்பு நாற்பது, புங்கன் இருபது. எல்லாம் என் நாற்றுப்பண்ணையில் வளர்ந்து என் தோளுயரம் வந்தவை. வண்டி, குட்டி யானை என்று எல்லோரும் சொல்லும் சிறிய சரக்கு வண்டி. குண்டடம், பல்லடம், சூலூர் வழியாகக் கோவைக்கு எண்பது கிலோமீட்டர் சொச்சம். காற்றில் இலை கிழியாமலிருக்க செல்வராசு ஈரச் சாக்கைப் போர்த்தி, முப்பதைத் தாண்டாமல் ஓட்டினார்.

நாங்கள் போக வேண்டிய இடம் போத்தனூருக்கு அப்பால் உள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. நகரத்துக் குளக்கரை ஒன்றில் வீடு கட்டியிருந்தவர்களை அங்கே குடியமர்த்தியிருக்கிறார்கள். பாதிப்பேர் தையல் வேலையும் தெரு வியாபாரமும் செய்யும் முஸ்லிம்கள், மீதிப்பேர் துப்புரவுப் பணியாளர் குடும்பங்கள். பக்கத்துப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் என் கல்லூரித் தோழி கௌசல்யா ஒருநாள் போனில் சொன்னாள்: எட்டுக் கட்டடத்துக்கு நடுவே ஒரு மரம் கிடையாது, சுவரின் நிழல் நகர நகரப் பிள்ளைகளும் நகர்ந்து உட்காருகிறார்கள். அன்றே கன்றுகளைத் தனியே எடுத்து வைத்துவிட்டேன்.

8.50க்குக் கோவை. கௌசல்யா புதிதாக அழகுபடுத்திய ஒரு குளக்கரையில் காத்திருந்தாள். மரம் வளர்ப்பவள் இதைப் பார்க்காமல் போகக் கூடாது என்றாள். உண்மையிலேயே பார்க்க வேண்டிய இடம்தான். கல் பாவிய நடைபாதை, தண்ணீருக்கு இறங்கும் படிகள், ஓரமெங்கும் ஒரே உயரத்தில் புங்கமரங்கள். படிகளுக்கு மேலே நீலக்கூரை போட்ட பெஞ்சில் உட்கார்ந்து இருபது ரூபாய்க்கு ஒரு காபி குடித்தேன். யாரோ நன்றாகத் தண்ணீர் ஊற்றி வளர்த்திருக்கிறார்கள் என்று கௌசல்யாவிடம் சொன்னதும் நினைவிருக்கிறது.

10.20க்குக் குடியிருப்பை அடைந்தோம். கௌசல்யா சொன்னது குறைவு. வண்டியிலிருந்து இறங்கியதும் செருப்பைத் தாண்டிச் சூடு ஏறியது. தரை முழுக்கக் கட்டட இடிபாடு. குழி எடுத்தால் ஒரு அடிக்குச் செங்கலும் சிமெண்டும்தான் வரும். ஆனாலும் எடுத்துவிடலாம் என்று செல்வராசு முதல் வரிசைக்கு இரண்டு முளைக்குச்சி அடித்துக் கயிறு கட்டினார். அதுவரை மாடிப்படிகளில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கயிற்றைக் கண்டதும் இறங்கி வந்தார்கள். நாற்பது வயதிருக்கும் ஒரு பெண் இரண்டு குச்சிகளையும் பிடுங்கிக் கயிற்றைச் சுருட்டி என் கையில் கொடுத்தாள்.

கௌசல்யாவுக்குக் கோபம் வந்தது. எண்பது கிலோமீட்டர் தாண்டி வந்திருக்கிறவர்களிடம் இப்படியா என்றாள். அந்தப் பெண்ணின் பெயர் சபீனா. வீட்டிலேயே நைட்டி தைத்து விற்பவள். குரலை உயர்த்தாமல்தான் பதில் சொன்னாள்.

"தப்பா நெனைக்காதீங்க அம்மணி. அங்கயும் மொதல்ல கயிறுதானுங்க கட்டுனாங்க. மரம் வெக்கறோம்னு சொன்னாங்க. நாங்களும் சந்தோசமா குழி வெட்டிக் குடுத்தோமுங்க."

மீதியை அவளும் சுற்றி நின்றவர்களும் மாறி மாறிச் சொன்னார்கள். கன்றுகளுக்குக் குடத்தில் தண்ணீர் சுமந்தவர்கள் இவர்கள்தான். ஆடு மேயாமல் பழைய புடவை கட்டி மறைத்தவர்களும் இவர்கள்தான். கன்று ஆள் உயரம் ஆனதும் அதிகாரிகள் வீடுகளைக் காலி செய்யச் சொன்னார்கள். கரை பூங்காவாகப் போகிறதாம். வீடு இடிந்தது, மரங்கள் நின்றன.

உங்கள் வீடு எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டேன். ஏன் கேட்டேனோ தெரியவில்லை.

"தண்ணிக்கு எறங்கற படி இருக்குதுங்களே, அதுக்கு மேல. இப்ப அந்த எடத்துல நீலக் கூரை போட்டு ஒரு பெஞ்சு கெடக்குதுங்க."

கௌசல்யா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். காலையில் அங்கே உட்கார்ந்து காபி குடித்ததைக் கடைசிவரை சபீனாவிடம் சொல்லவில்லை.

கன்றுகளைத் திருப்பி எடுத்துப் போகிறோம் என்று செல்வராசுவிடம் சாக்கை எடுக்கச் சொன்னேன். அப்போது சபீனா தடுத்தாள். கன்று வேண்டாம் என்று யார் சொன்னது, மண்ணில் வைக்கத்தான் வேண்டாம் என்றாள். அவள் சொன்னதும் வீடுகளிலிருந்து பெயிண்ட் வாளிகள், ஓட்டைக் குடங்கள், ஒரு பழைய வாஷிங் மெஷின் தொட்டி எல்லாம் வந்து சேர்ந்தன. செல்வராசு இரண்டு பேரோடு போய்ப் பக்கத்து ஓடைக்கரையிலிருந்து செம்மண் அள்ளி வந்தார். மூன்று மணி வரை எல்லோருமாக உட்கார்ந்து வாளியின் அடியில் துளை போட்டு, மண் நிரப்பிக் கன்றுகளை மாற்றினோம்.

வேம்பு வாளியில் மரமாகாது, இரண்டு வருடம் தாங்கினாலே அதிகம் என்று சபீனாவிடம் சொல்ல வேண்டியது என் கடமை. சொன்னேன். அவள் வாளியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"ரெண்டு வருசம் எங்களை இங்கயே உட்டு வெக்கட்டுமுங்க. அப்பறம் குழியை நாங்களே வெட்டிக்கறோம். அதுக்குள்ள கெளப்பிப்போட்டாங்கன்னா, இதைக் கையோட தூக்கிட்டுப் போயிருவோமுங்க."

3.25க்கு வண்டி எடுத்தோம். திரும்பிப் பார்த்தேன். எட்டுக் கட்டடங்களின் மாடிப்படிகளிலும் ஆட்கள் வாளியும் குடமுமாக ஏறிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு தளத்துத் திறப்பிலும் வேப்பங்கொழுந்து தெரிந்து தெரிந்து மறைந்தது.

இருபது வருடமாகக் கன்று விற்கிறேன். நடும் இடத்தில் மண் எப்படி, தண்ணீர் உண்டா, மேலே மின்கம்பி போகிறதா என்று கேட்காமல் ஒரு கன்றும் கொடுத்ததில்லை. அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்று ஒருவரிடமும் கேட்டதில்லை.

ஆறே காலுக்குப் பண்ணைக்கு வந்தபோது முன்பின் தெரியாத ஒருவர் கேட் அருகே காத்திருந்தார். ஒரு வாய்க்கால் கரையில் வரிசையாக வைக்க நூறு புங்கன் வேண்டும் என்றார். அந்தக் கரையில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன்.

"கொஞ்சம் குடிசைங்க இருக்குது. அதெல்லாம் காலியாயிருமுங்க" என்றார்.

கன்று இல்லை என்றேன். அவர் என் தோளுக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்தார். வரிசை வரிசையாகப் புங்கன் நின்றுகொண்டிருந்தது.