இரண்டு தடவை இழுத்தால்

நான் உங்கள் காதில் பூ சுற்றுவதாக நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். இது எனக்கு நடந்தது. கெளுத்தி மீனின் முள் குத்திய தழும்பு என் கட்டைவிரலில் இன்னும் இருக்கிறது.

நான் லிஃப்ட் மெக்கானிக். விவாகரத்தானவன். ஏழு வயது மகளை மாதத்தில் இரண்டு சனிக்கிழமை என்னோடு வைத்துக்கொள்ளலாம் என்று கோர்ட் பெரிய மனது பண்ணியிருந்தது. அன்று அவளைக் கூட்டிப் போக வந்தபோது அவள் அம்மா வாசலிலேயே நின்று சொன்னாள். "எங்க வேணா கூட்டிட்டுப் போங்க. தண்ணி பக்கம் மட்டும் வேண்டாம்." அவள் அப்படிச் சொன்னதற்காகவே ஆற்றுக்குக் கூட்டிப் போனேன். வீம்பு. வேறொன்றுமில்லை. குழந்தைக்கு ஒரு கீறல் விழுந்தாலும் அந்த இரண்டு சனிக்கிழமையும் போய்விடும் என்று தெரிந்தேதான் போனேன்.

இரவு 9.10. நிலா இல்லை. வாடகைக்கு எடுத்த இரண்டு தூண்டில்களையும் கரையில் தள்ளித் தள்ளி ஊன்றினேன். மீன் கடித்தால் கேட்கும்படி நுனியில் ஒரு குட்டி மணி. வேலைக்குக் கட்டும் நைலான் கயிற்றின் ஒரு முனையை மகள் இடுப்பில் கட்டினேன். மறுமுனை என் இடுப்பில். வெளிச்சம் பட்டால் கெளுத்தி கரைப் பக்கமே வராது, பேச்சு கேட்டாலும் ஒதுங்கிவிடும். அதனால் டார்ச்சை அணைத்துவிட்டுக் கயிற்றாலேயே பேசிக்கொள்வது என்று ஏற்பாடு. நான் ஒரு தடவை இழுத்தால், 'இருக்கியா?' அவள் ஒரு தடவை இழுத்தால், 'இருக்கேன்.' இரண்டு தடவை இழுத்தால், 'வீட்டுக்குப் போகணும்.' மாதத்துக்கு இரண்டே நாள் கிடைக்கும் பிள்ளையை வாயை மூடி உட்கார வைத்த புத்திசாலி நான்.

10.25க்குத் தூரத்துத் தூண்டிலில் மணி அடித்தது. கயிறு அவ்வளவு தூரம் எட்டாது. என் இடுப்பிலிருந்து அவிழ்த்து, நான் உட்கார்ந்திருந்த மடக்கு நாற்காலியில் மாட்டிவிட்டு ஓடினேன். ஆமாம், ஒரு மீனுக்காக என் மகளைக் கழற்றி மாட்டிவிட்டுப் போனேன். நல்ல கெளுத்தி. கையில் பிடித்ததும் முள்ளை ஏற்றிவிட்டது. விரலைச் சப்பிக்கொண்டே திரும்பி வர ஏழு நிமிடம் ஆனது. இருட்டில் தடவிக் கயிற்றை எடுத்து மறுபடி இடுப்பில் கட்டினேன். ஒரு தடவை இழுத்தேன். பதிலுக்கு ஒரு தடவை இழுபட்டது. நிம்மதியாக உட்கார்ந்தேன்.

10.50. இழுத்தேன். பதில் வந்தது.

11.15. நான் இழுக்கவே இல்லை. பதில் மட்டும் வந்தது.

விளையாடுகிறாள் என்று நினைத்தேன்.

"குளிருதா பாப்பா?" என்றேன் மெதுவாக.

கயிறு மட்டும் ஒரு தடவை அசைந்தது. அப்போதுதான் கையில் உறைத்தது... கயிறு ஈரமாக இருந்தது.

மகள் என் வலப்பக்கம், நான்கு எட்டுத் தள்ளி இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கயிறு இழுபட்டது நேர் எதிரே. அதுவும் கீழே.

11.47. இரண்டு தடவை.

"சரி, போலாம். எந்திரி."

மறுபடி இரண்டு தடவை. இன்னும் பலமாக.

பிறகு நிற்கவே இல்லை. இழுத்தது. நாற்காலி கவிழ்ந்தது. முழங்கால் வரை சேற்றில் போய்விட்டேன்...

பின்னால், கரை மேலே நிறுத்தியிருந்த என் வேனின் ஹாரன் அலறியது.

ஹெட்லைட் எரிந்தது.

மகளின் நாற்காலி காலி. என் இடுப்பிலிருந்த கயிறு விறைப்பாக, நேராக, ஆற்றுக்குள் போயிருந்தது.

என் பிள்ளை உள்ளே இருக்கிறாள்!

பாயத்தான் போனேன்.

"அப்பா!"

குரல் வேனிலிருந்து வந்தது. என் மகளின் குரல்.

அப்படியானால் கயிற்றில்...?

இரை வெட்டும் கத்தியை எடுத்தேன்.

அறுத்தேன்.

தண்ணீரிலிருந்து ஒரு சின்னக் குரல்.

"மறுபடியுமாப்பா?"

ஓடினேன்.

வேன் பூட்டியிருந்தது. சாவி என் பாக்கெட்டில். மகள் பின் சீட்டில், பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தாள். டிரைவர் சீட் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"நீ எப்படி இங்க வந்த?"

"நீங்கதானேப்பா தூக்கிட்டு வந்தீங்க. மணி அடிச்சுச்சுல்ல, அப்போ. கயிறையும் நீங்கதான் அவிழ்த்தீங்க."

"நானா?"

"ஆமா. சட்டையெல்லாம் ஈரம். என் தலையைத் தடவித் தடவி அழுதுட்டே இருந்தீங்க."

மணி 11.58.

மகள் இதையெல்லாம் அப்படியே அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டாள். எனக்குக் குடித்துவிட்டு வந்தவன் என்ற பட்டம் கிடைத்தது. இப்போது மாதத்துக்கு ஒரு மணி நேரம், அவர்கள் வீட்டு ஹாலில், அவள் அம்மா பார்த்துக்கொண்டிருக்க. நான் எதிர்த்துப் பேசவில்லை. என்ன முகத்தை வைத்துக்கொண்டு பேசுவது? என் பிள்ளையை நான் காப்பாற்றவில்லை. வேறு யாரோ காப்பாற்றினார்கள். அந்த எரிச்சல் இன்றுவரை அடங்கவில்லை.

பதினொரு நாள் கழித்துத் தூண்டில்களைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். எங்கே உட்கார்ந்தோம் என்று கடைக்காரர் கேட்டார். சொன்னேன். அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

"நாலு வருஷம் முன்னாடி ஒருத்தர் பொண்ணோட அங்கதான் உட்கார்ந்தார். உங்கள மாதிரியே, ரெண்டு பேர் இடுப்புலயும் ஒரே கயிறு. பொண்ணு வழுக்கி விழுந்துருச்சு. அவரையும் சேர்த்து இழுத்துட்டுப் போயிருச்சு தண்ணி."

"ரெண்டு பேரும் கிடைச்சாங்களா?"

"அவர் மட்டும்தான். பொண்ணு இன்னிக்கு வரைக்கும் கிடைக்கல. கயிறு பாதியில அறுந்திருந்துச்சு."

"பாறையில பட்டு அறுந்திருக்கும்..."

அவர் தூண்டில்களை வாங்கி ஓரமாகச் சாத்தி வைத்தார்.

"இல்லைங்க. கத்தி அவர் கையிலயே இருந்துச்சு."