எனெலெசியின் உப்புக் கை

வாய் பக்கத்துக் கடைக்காரியோடு வம்பளந்துகொண்டிருக்க, எனெலெசியின் கை தானாகப் போய் டப்பாவிலிருந்து உப்பை அள்ளி, எண்ணெயில் பொரிந்த உருளைக்கிழங்கின் மேல் வீசுகிறது. டெட்ஸா மினிபஸ் நிலையத்தில் அவளிடம் உப்புக் குறை சொன்னவர் எவரும் இல்லை. "கண்ணைக் கட்டிவிட்டாலும் என் கைக்குத் தெரியும்" என்பாள்.

ஓட்டுநர்களை ஒரு பிடி பிடிக்கும் அந்த வாய், வீட்டில் திறக்காது. நாலாவது பிள்ளையை வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். இன்னொன்று உண்டானால் பிழைக்கமாட்டாய் என்றார்கள். புருஷன் யோதாமு சிரித்தான். "ஆஸ்பத்திரிக்காரங்க அப்பிடித்தான் பயமுறுத்துவாங்க. எங்கம்மா ஒம்பது பெத்தா."

சென்ற மாதம் அவனுக்குத் தெரியாமல் கருத்தடை ஊசி போட்டுக்கொண்டாள். விலக்கு முடிந்து வெகுநாள் கழித்துப் போட்டதால் மருந்து பிடிக்க ஒரு வாரம் ஆகும், அதுவரை ஆணுறை வேண்டும், இல்லாவிட்டால் விலகிப் படு என்றாள் நர்ஸ். ஆணுறையை நீட்டினால், எவனிடம் கற்றாய் என்று அடிப்பான். எனெலெசி கட்டில் தலைமாட்டில் சிவப்பு மணிமாலையைத் தொங்கவிட்டாள்.

அந்த ஊர் வழக்கத்தில் சிவப்பு தொங்கினால் பெண்டாட்டி விலக்கு என்று அர்த்தம்; புருஷன் தொடக்கூடாது. பெண்டாட்டி குழம்பில் உப்புப் போடக்கூடாது. போட்டால் சாப்பிடுகிறவன் நோயில் விழுவான். எதற்கும் அஞ்சாத யோதாமு இதற்கு அஞ்சுவான். உப்புப் போட அடுத்த வீட்டு விதவை ஃபாலெசி வந்தாள். "மாசத்துக்கு எத்தனை தடவைடி உனக்கு?" என்று அவள் சீண்டியபோது எனெலெசி சிரித்து மழுப்பினாள்.

வாரம் பாதிகூடக் கழியவில்லை. அன்று ஃபாலெசி வெளியூரில் ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்தாள். கீரை கொதித்தது, அழுத பிள்ளையை அதட்டியபடியே எனெலெசி கிளறினாள். யோதாமு களியை உருட்டிக் கீரையில் தொட்டு வாயில் வைத்தான். அப்படியே நிறுத்தினான்.

"ஃபாலெசிதான் ஊர்ல இல்லையே. உப்பு யார் போட்டா?"

அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. பாழாய்ப்போன கை.

"அப்ப அந்த மணி பொய்."

கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்ச் சிவப்பை அவிழ்த்தான்; விலக்கு முடிந்தது என்று காட்டும் வெள்ளை மணியை மாட்டினான். பிறகு அவளைக் கூப்பிட்டான்.

ஊசி மருந்து பிடிக்குமுன்னே அவன் முந்திக்கொண்டான். வயிறு என்ன சொல்லப்போகிறது என்று இனி அவள் காத்திருக்க வேண்டும். அந்தப் பயத்தைச் சொல்லி அழக்கூட அவளுக்கு ஆளில்லை.

இப்போதும் நிலையத்தில் கிழங்கு பொரிகிறது. வழக்கமாக வரும் ஓட்டுநர் தட்டை நீட்டுகிறான். எனெலெசி கிழங்கை அள்ளி வைக்கிறாள். உப்பு டப்பாவை அவன் பக்கம் தள்ளிவிட்டு, வலக்கையை இடுப்புத் துணிக்குள் செருகிக்கொள்கிறாள்.