கரைவரை வந்து திரும்பிய வள்ளம்

வெள்ளானூரில் எங்கள் அடுக்குமாடிக்கு எதிரே ஆட்டோ நிறுத்துகிறவர் இந்த மண்ணில் பிறந்து வளர்ந்தவர். நாங்கள் குடியிருக்கும் இடத்தில் அவர் அப்பா நெல் போட்டிருக்கிறார். அந்த உரிமையில் என்னைச் சீண்டுவார்.

"இன்னா அண்ணாத்தே, செம்பரம்பாக்கம் ஏரில கூட ஒரு பாய்க்கப்பல் கெடையாது. நீ இன்னாடான்னா இங்க குந்திகினு கப்பல் கதை எழுதிகினு கீறே?"

"கப்பல் இல்லைய்யா, வள்ளம்" என்று ஒவ்வொரு தடவையும் திருத்துவேன். அவரும் ஒவ்வொரு தடவையும் கப்பல் என்றே சொல்வார்.

நான் தூத்துக்குடிக் கடற்கரைக்காரன். மீசை முளைக்கும் வயதில் அம்பத்தூருக்கு லேத் வேலைக்கு வந்தவன், இங்கேயே ஓய்வும் பெற்றுவிட்டேன். ஓய்வில் கோயில் குளம் என்று போகாமல், எங்கள் தெருவில் பாய் விரித்து மீன் பிடிக்கப் போன வள்ளங்களின் வரலாற்றை ஒவ்வொன்றாக எழுதத் தொடங்கினேன். எந்த வள்ளத்தை யார் கட்டினார், யார் தண்டலாக இருந்து ஓட்டினார், கடைசியில் அது என்ன ஆயிற்று என்பதுதான் விஷயம். பெரும்பாலானவற்றின் முடிவு சப்பென்றுதான் இருக்கும். விற்றார்கள், பிரித்தார்கள், பலகையை அடுப்புக்கு வைத்தார்கள். பாய் போய் இன்ஜின் வந்ததற்கு நான் ஒப்பாரி வைக்கிறவன் இல்லை. இன்ஜின் வந்த பிறகுதான் எங்கள் தெருவில் ஆண்கள் சொன்ன நேரத்துக்கு வீடு திரும்பினார்கள்.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. தூரத்தில் வருகிற வள்ளத்தை உடலைப் பார்த்து யாரும் சொல்ல மாட்டார்கள், பாயைப் பார்த்துத்தான் சொல்வார்கள். ஒவ்வொரு பாயிலும் கிழிசலுக்குப் போட்ட ஒட்டு ஒவ்வொரு மாதிரி இருக்கும். "சதுர ஒட்டு வந்துட்டு", "ரெட்டை ஒட்டைக் காணோமே" என்று பெண்கள் பேசிக்கொள்வார்கள். ஒட்டு தெரிந்துவிட்டால் அந்த வீட்டில் உலை வைத்துவிடுவார்கள். கண்ணால் கண்டதை நம்பாமல் வேறு எதை நம்புவது?

பூந்தமல்லியில் ஒரு அக்கா இருக்கிறார். எங்கள் தெருக்காரர், என்னைவிட மூத்தவர், கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்தவர். நான் எழுதுகிற சேதி கேள்விப்பட்டு ஒருநாள் போன் செய்தார். எடுத்த எடுப்பில், "தம்பி, எங்கப்பா வள்ளத்தை மட்டும் விட்டுரு" என்றார்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. கறுப்பு ஒட்டுப் போட்ட பாய் அவர் அப்பாவுடையது. அந்த வள்ளத்தின் கதை எங்கள் தெருவில் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். கச்சான் என்று நாங்கள் சொல்லும் மேல்காற்று, கரையிலிருந்து கடலைப் பார்த்து வெறிபிடித்து அடித்த ஒரு நாள். எல்லா வள்ளமும் எப்படியோ கரை சேர்ந்துவிட, கறுப்பு ஒட்டு மட்டும் பாக்கி. சாயங்காலம் அதுவும் தெரிந்தது. காற்றை வெட்டி வெட்டிக் கரைக்குக் கிட்டத்தில் வந்தது. இன்னும் கொஞ்சம்தான். அப்போது சட்டென்று திரும்பிக் கடலைப் பார்த்துப் போனது. அதன் பிறகு வள்ளமும் வரவில்லை, அதிலிருந்த ஐந்து பேரும் வரவில்லை.

விட்டுவிட்டு வந்த வலைக்காகத் தண்டல் திரும்பிப் போனார் என்று ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது. வலைக்கு ஆசைப்பட்டு நாலு பேரைச் சாகக் கொடுத்தவர் என்று பெயர். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? செத்த மனிதர் எழுந்து வந்து பதில் சொல்ல முடியாது என்பதால் ஆளுக்கொரு கை உப்புப் போட்டார்கள். அந்த அக்காவைத் தண்ணீர்க் குழாயடியில் என்னென்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியும். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"விட முடியாதுக்கா. எல்லா வள்ளத்தையும் எழுதிட்டு இதை விட்டா, அதுவே ஊர் சொன்னது நெசம்னு ஆயிரும்" என்றேன்.

அவர் விடவில்லை. "என் பேரப்பிள்ளைவ படிக்கும் தம்பி. அவங்க பூட்டனைப் பத்தி அவங்க வாசிக்கிற மொதல் சேதி இதுவா இருக்கணுமா?"

விசாரித்துவிட்டு எழுதுகிறேன் என்று சொல்லி வைத்தேன். அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனதை யாரிடம் போய் விசாரிப்பது? தைரியத்துக்குச் சொன்ன வார்த்தைதான் அது.

ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலைக் குடியிருப்பில், மகன் வீட்டில் ஒரு பெரியவர் இருப்பதாகப் பிறகு தெரிந்தது. எங்கள் ஊரின் வடகரைக்காரர். வடகரை வள்ளங்களைப் பற்றிக் கேட்கலாம் என்றுதான் போனேன், அக்கா விஷயம் மனதில் இல்லை. எண்பதைத் தாண்டியவர். பால்கனியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். எங்கள் தெரு இருக்கும் தெற்குக் கரையில் எந்த வள்ளங்களைப் பற்றி எழுதியிருக்கிறேன் என்று கேட்டார். சொல்லிக்கொண்டே வந்தேன். கறுப்பு ஒட்டு என்றதும் கையமர்த்தினார்.

"அதை என்னன்னு எழுதியிருக்க?"

"இன்னும் எழுதல மாமா. வலைக்குத் திரும்புனதா ஊர்ல சொல்லுதாவ."

"அன்னைக்குக் கரைக்கு வந்து திரும்புனது அந்த வள்ளம் இல்ல. அது நாங்க" என்றார்.

எனக்குப் பிடிபடவில்லை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அன்று காலை நடுக்கடலில் இவர்கள் வள்ளத்தின் பாய் நீளத்துக்குக் கிழிந்துவிட்டது. பக்கத்தில் அந்த அக்காவின் அப்பா வலை விட்டிருந்தார். கடலில் ஒருவன் கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது என்பது எங்கள் ஆட்களின் முறை. அவர் தன் பாயையே கழற்றிக் கொடுத்தார். "நீங்க வடகரை போகணும், தூரம். எங்கிட்ட பழைய பாய் ஒண்ணு கெடக்கு, எனக்கு அது போதும்" என்றாராம். அப்போது காற்றே இல்லை. மத்தியானத்துக்கு மேல்தான் கச்சான் கிளம்பியது.

"அந்தப் பாய் இருந்ததாலதான், வடகரைக்குப் போக முடியாட்டியும், ஒங்க கரை வரைக்கும் வந்தோம். வந்த எடத்துல பாயைத் தாங்குற கம்பு விரிஞ்சுட்டு. காத்தை எதுக்க முடியல. அது தள்ளுன போக்குல கடலுக்குள்ள போய், காத்து தணிஞ்ச பொறவு தெக்க வேற ஊர்ல கரை புடிச்சோம். பாய் சுக்குநூறு. நடந்து ஊர் வந்து சேந்தா, அதுக்குள்ள ஒப்பாரி வச்சு முடிச்சுட்டாவ."

"சொல்லியிருக்கலாமே மாமா!" என் குரல் உயர்ந்துவிட்டது. உள்ளேயிருந்து மருமகள் எட்டிப் பார்த்தார்.

"எங்க தண்டல் சொல்லக் கூடாதுன்னுட்டாரு. அவங்க நல்ல பாயை வாங்கிட்டு நாம பொழச்சோம், பழைய பாயோட அவங்க போய்ட்டாங்க, இதை எந்த வாயால சொல்லன்னாரு. நான் அப்போ சின்ன ஆளு. பொறவு எல்லாரும் போய்ட்டாவ. நான் ஒருத்தன்தான் கெடக்கேன்."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு குடும்பத்தின் பெயர் தெருவில் கிடந்து மிதிபடும்போது இத்தனை பேர் சேர்ந்து வாயில் கொழுக்கட்டை வைத்திருந்தார்களே என்று. ஆனால் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை. கறுப்பு ஒட்டுத் தண்டலின் மகள் பூந்தமல்லியில் இருக்கிறார் என்று மட்டும் சொன்னேன்.

"அந்தப் புள்ள இங்கனயா இருக்கா?" என்று எழுந்து நின்றுவிட்டார். "என்னைக் கூட்டிட்டுப் போ. நீ எழுதறது இருக்கட்டும். நான் சொல்லணும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நம்ம ஆட்டோக்காரர்தான் ஓட்டினார். வழியில் விஷயத்தைச் சொன்னேன். அன்று அவர் கப்பல் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

அக்கா வீட்டில் பெரியவர் சோபா வேண்டாம் என்று நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டார். அக்கா கத்துவார், வெளியே போ என்பார், குறைந்தது அழுவார் என்று நினைத்தேன். நானாக இருந்தால் கத்தியிருப்பேன். அவரோ முந்தானையைக் கையில் சுருட்டியபடி மெதுவாகக் கேட்டார்.

"அப்போ அன்னைக்கு வந்தது எங்கப்பா இல்லையா?"

"இல்ல தாயி."

"நான் தண்ணிக்குள்ள எறங்கி நின்னு கையைக் காட்டுனேன் மாமா. முட்டளவு தண்ணி. அப்பா, அப்பான்னு கத்துனேன். அப்போதான் வள்ளம் திரும்பிச்சு." அக்கா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். "ஊர் வலைன்னு சொன்னதை நான் எடுத்துக்கிடல. என்னைப் பாத்துட்டும் போய்ட்டாவளேங்கிறதுதான் எனக்கு. எங்கம்மாகிட்டகூட இதைச் சொன்னதில்ல."

பெரியவர் சோபாவில் உட்கார்ந்துவிட்டார்.

"பாத்தோம் தாயி. பாவாடையைத் தூக்கிச் சொருவிட்டு ஒரு சின்னப் புள்ள நின்னா. யாரு புள்ளையோ, நம்மளை அவ அப்பான்னு நெனச்சுக் கூப்பிடுதான்னு பேசிக்கிட்டோம். ஒங்கப்பா கண்ணுல நீ படவே இல்ல. பட்டிருந்தா, பாய் இல்லாட்டியும் நீந்தி வந்திருப்பாரு."

அக்கா அப்போதுதான் அழுதார். பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டு, அப்பா, அப்பா என்று சத்தமாக அழுதார்.