உமிக்காரி

போன ஞாயிற்றுக்கிழமை தேனி விளையாட்டு மைதானத்தில், மைக் பிடித்த இளைஞர் ஒருவர் உயரம் தாண்டும் பெண்களை, "உமிக்காரிகளா, வரிசைக்கு வாங்க" என்று கூப்பிட்டார். ஓடிய பிள்ளைகளில் என் மகளும் ஒருத்தி. எதிரே கட்டில் உயரத்துக்கு நீல மெத்தை. உமிக்கு அங்கே என்ன வேலை? மகள் அதை முன்பே என்னிடம் கேட்டிருந்தாள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. அந்தச் சொல் பிறந்த இடத்தில் உடம்பெல்லாம் அரிப்போடு நின்றவளாயிற்றே நான்!

எங்கள் ஊர் கம்பம் பக்கம். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் அரிசி ஆலை. தாண்டிப் பழக மெத்தைக்கு எங்கே போவது? ஆலையின் உமிக் குவியல்தான் மெத்தை. என் பெரியப்பா மகளான அக்கா ஓடி வந்து, குறுக்கே வைத்த மூங்கில் கம்பைத் தாண்டி, உமியில் பொத்தென்று விழுவாள். கண்ணையும் வாயையும் இறுக மூடிக்கொண்டே விழவேண்டும்; இல்லையென்றால் அன்றைக்கெல்லாம் கரகரவென்று உறுத்தும். அதனால் கம்பு விழுந்ததா என்பதுகூட அவளுக்குத் தெரியாது. கிடந்தபடியே, "ஏடி, கம்பு நிக்குதா?" என்பாள். நான் பதில் சொன்ன பிறகுதான் எழுந்து, சடையை உதறிவிட்டுக் கண் திறப்பாள். எவ்வளவு உதறினாலும் நாலு உமி தலையில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வரும். ஊரே எங்களை உமிக்காரிக என்றது. முதலில் அது கேலிதான்.

அக்கா பத்தாம் வகுப்புப் படிக்கையில் இதே தேனி மைதானத்தில் மாவட்டப் போட்டி வந்தது. ஜெயித்தால் விளையாட்டு விடுதியில் தங்கி மேலே படிக்கலாம். தோற்றால் ஆண்டிபட்டிப் பக்கம் நூல் மில் வேலை என்று பெரியப்பா கறாராகச் சொல்லிவிட்டார். அக்கா மெத்தையைக் கண்ணால் கண்டதே அன்றைக்குத்தான். கடைசி வாய்ப்பில் தாண்டினாள். பழக்கம் விடுமா? மெத்தையில் மல்லாந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, "கம்பு நிக்குதா?" என்று கத்தினாள். மைதானமே சிரித்தது. கம்பு ஆடி ஆடி, நின்றேவிட்டது. நானோ சந்தோஷத்தில் குதித்துக் கைதட்டியதில் பதில் சொல்லவே மறந்துபோனேன். பதில் இல்லாததால் விழுந்துவிட்டதென்று நினைத்து, மூடிய கண்ணோடு அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். பாவி நான், ஓடிப்போய் உலுக்கினேன். "அக்கா, நிக்குதுக்கா! கண்ணத் தொற!" எழுந்ததும் சடையை உதறினாள். ஓர் உமிகூட விழவில்லை. "உமிக்காரி! உமிக்காரி!" என்று எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கத்திய கத்தலில், தேனியில் உயரம் தாண்டுகிற எல்லாப் பெண்களுக்கும் அதுவே பெயராகிவிட்டது.

அன்றைக்கு ஜெயித்து விளையாட்டு விடுதிக்குப் போன அக்காதான் இப்போது அந்த மைதானத்தில் பயிற்சியாளர். ஞாயிற்றுக்கிழமை என் மகள் தாண்டி விழுந்த நொடியில், என்னை அறியாமல் எழுந்து நின்று, "நிக்குதுடி! கம்பு நிக்குது!" என்று கத்தினேன். இந்தத் தடவை பதில் சொல்ல மறக்கவில்லை. சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டுமே! மகள் எழுந்து, எதுவும் ஒட்டாத சடையை நன்றாக உதறினாள்.

"எதுக்குடி உதறுற?" என்று பிறகு கேட்டேன்.

"தெரியலம்மா. பெரியம்மா உதறச் சொன்னாக."